ரத்த மாதிரிகளைக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: நான் ஓர் ஆராய்ச்சி மாணவி. சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகம் எப்படிப் பாதிக்கப்படுகிறது என்பது எங்கள் ஆய்வு. சுமார் 400 பேரிடம் ரத்தம் எடுத்தோம். ரத்தத்திலிருந்து பிரித்த சீரமும் டி.என்.ஏ.வும் ஃப்ரீசரில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டி, "உங்கள் ரத்தம் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்குத்தான்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியது நான்தான். பாதியில் படிவம் மாறியது. புதியதில் "எதிர்கால ஆராய்ச்சிகளுக்கும் பயன்படுத்தலாம்" என்று டிக் அடிக்கும் கட்டம் ஒன்று சேர்ந்தது. இப்போது வெளிநாட்டுக் குழு ஒன்று, மனநோய்களின் மரபணுக் காரணங்களைத் தேடுவதற்காக எங்கள் டி.என்.ஏ.வையும் முழு எக்செல் ஃபைலையும் கேட்கிறது. "பெயரை எடுத்துட்டு அனுப்பிடு, நல்ல வாய்ப்பு" என்கிறார் கைடு. இன்னொரு பக்கம், எங்கள் கட்டுரையை ஏற்ற ஆய்விதழ் தரவைப் பகிரச் சொல்கிறது. ஆய்விலிருந்து விலகிக்கொண்ட இருவரின் குப்பிகள்கூட இன்னும் ஃப்ரீசரில்தான் இருக்கின்றன. கொடுத்தால் தப்பா, கொடுக்காவிட்டால் தப்பா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, படிவத்தைப் பற்றியது அல்ல. நீங்கள் வாயால் சொன்னதைப் பற்றியது. "சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்குத்தான்." அந்த "தான்" உங்களை உறுத்துகிறது. உறுத்தத்தான் வேண்டும்.

ஆய்வுக்கான ரத்த மாதிரிகளைச் சேமித்து வைக்கும் ஒரு வங்கியைப் பார்த்துக்கொள்கிறேன், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு நாற்காலியிலிருந்தும் ஒரே பதில்தான் வருகிறது. கொடுக்கலாமா என்ற கேள்விக்கு முன்னால், ரத்தம் கொடுத்தவர்களிடம் நாம் என்ன சொன்னோம் என்ற கேள்வி நிற்கிறது. அதைத் தாண்டாமல் தரவும் நகரக் கூடாது, குப்பியும் நகரக் கூடாது. தாண்டிவிட்டால் அதற்கப்புறம் பூட்டி வைத்திருப்பதிலும் நியாயம் இல்லை.

ஹவாசுபாய் மக்களின் கதையை உங்கள் கைடிடம் சொல்லுங்கள். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் சிறிய பழங்குடி அவர்கள். சர்க்கரை நோய் அவர்களை வாட்டியது. 1990 முதல் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நோய்க்கு ஏதாவது வழி பிறக்கும் என்று நம்பித்தான் கையை நீட்டினார்கள். 2003-ல் அந்த மக்களில் ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வுரையைக் கேட்கப் போனபோதுதான், அந்த ரத்தம் வேறு எதற்கெல்லாமோ போயிருப்பது தெரிந்தது. மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுத் திருமணம், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வு என்று பலதும். கடைசியாகச் சொன்னது, தாங்கள் தோன்றிய இடமே அந்தப் பள்ளத்தாக்குதான் என்ற அவர்களுடைய நம்பிக்கையையே இடித்தது. வழக்கு நடந்து 2010-ல் சமரசம் ஆனது. 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்தார்கள், மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, கையெழுத்து வாங்கிய படிவம் குறுகலானது அல்ல. நடத்தை சார்ந்த, மருத்துவம் சார்ந்த கோளாறுகளின் காரணங்களை ஆராய்வதற்கு என்று விரிவாகவே எழுதியிருந்தது. காகிதத்தை வைத்துப் பார்த்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் அவர்கள் காதில் விழுந்தது சர்க்கரை நோய் மட்டும். உங்களிடம் சர்க்கரை நோய்க்கு என்று எடுத்த டி.என்.ஏ. இருக்கிறது, மனநோய் ஆராய்ச்சிக்குக் கேட்கிறார்கள். ஒற்றுமை எனக்கே கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது.

சரி, வேலையைத் தொடங்குவோம். அந்த இரண்டு பேரிலிருந்து தொடங்குங்கள். அவர்கள் விலகி எவ்வளவு காலமானாலும் சரி, நாளைக்கே அந்தக் குப்பிகளை எடுங்கள். ஒருவருக்கு ஒரு குப்பி என்று இருக்காது. சீரம் நான்கைந்து குப்பிகளாகப் பிரித்திருப்பீர்கள், டி.என்.ஏ. தனி, அளவு சரிபார்க்க எடுத்த துளி வேறு ஒரு பெட்டியில் கிடக்கும், யாராவது பக்கத்து ஆய்வகத்துக்குக் கொஞ்சம் கொடுத்துக்கூட இருப்பார்கள். எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, விலகுபவர்களின் மாதிரியை என்ன செய்வோம் என்று படிவத்தில் எழுதியிருக்கிறீர்களோ அதன்படி அழித்து, யார் அழித்தார், என்றைக்கு என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஏற்கெனவே வெளியான கணக்குகளிலிருந்து அவர்களுடைய எண்களைப் பிரித்தெடுக்க முடியாது. இனி வரும் எதிலும் அவை சேரக் கூடாது, அவ்வளவுதான். கூரியரில் ஏறிய பிறகு இந்தச் சலுகையும் போய்விடும். யாருடைய சர்வரில் எத்தனை நகல் இருக்கிறது என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அப்புறம் படிவங்களை எடுங்கள். ஸ்கேன் செய்ததை அல்ல, கையெழுத்துப் போட்ட தாளையே. அடியில் பொடி எழுத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். உங்கள் மூலப் பட்டியலில் புதிதாக இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) சேர்த்து, இந்த எண்ணுக்கு உரியவர் எந்தப் பதிப்பில் கையெழுத்திட்டார், "எதிர்கால ஆராய்ச்சி" கட்டத்தில் டிக் இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொருவருக்கும் நிரப்புங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் 400 பேர் என்ற ஒரே கும்பல் அங்கே மூன்று நான்கு பிரிவாக உடைவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். பழைய படிவக்காரர்கள், புதியதில் சம்மதித்தவர்கள், மறுத்தவர்கள், கட்டத்தை வெறுமனே விட்டவர்கள். வெறுமனே விட்டதை என்னவாக எடுப்பது என்று எங்கள் குழுவில் சண்டையே நடக்கும். என் கட்சி எப்போதும் ஒன்றுதான்: வெற்றுக் கட்டம் சம்மதம் ஆகாது.

பழைய படிவக்காரர்களுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. திரும்பக் கூப்பிட்டுப் புதிதாக ஒப்புதல் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் சரி என்றே சொல்வார்கள் என்பது என் அனுபவம். கேட்காமல் செய்ததுதான் கோபத்தைக் கிளப்புகிறது. ஆளைத் தேடவே முடியவில்லை, ஆபத்தும் மிகக் குறைவு என்றால், ஒப்புதல் இல்லாமலே பயன்படுத்த நெறிமுறைக் குழு விலக்கு கொடுக்க முடியும். ஆனால் விலக்கு கொடுப்பது குழு. நீங்களும் அல்ல, உங்கள் கைடும் அல்ல. மாதிரிகளைச் சேகரித்தவர் அவற்றுக்குக் காவல்காரர், சொந்தக்காரர் அல்ல என்பதைப் பல மூத்த ஆய்வாளர்கள் ஏற்கவே மாட்டார்கள். "என் சாம்பிள்" என்றுதான் பேசுவார்கள்.

இந்தக் கோரிக்கையில் புதிய படிவக்காரர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. "எதிர்கால ஆராய்ச்சி" என்ற சொல்லுக்குள் மனநோய் மரபணுவும் அடங்குமா? எழுத்துப்படி அடங்கும். நீங்கள் வாயால் சொன்னபடி அடங்காது. அதனால் குழுவுக்கு எழுதும்போது படிவத்தை மட்டும் இணைத்து நிறுத்திவிடாமல், "நேரில் விளக்கும்போது சர்க்கரை நோய் என்றே சொல்லப்பட்டது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதை எழுத உங்களுக்குத் தயக்கம் இருக்கும். குழுவுக்கு அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது.

இனி "பெயரை எடுத்துட்டு அனுப்பிடு". பெயரை எடுத்தால் ஆள் மறைந்துவிடுவார் என்பது ரொம்ப நாளாக உடைந்து கிடக்கும் நம்பிக்கை. அமெரிக்காவில் லட்டான்யா ஸ்வீனி என்ற கணினி ஆய்வாளர் 1990-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பார்த்தார். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்ற மூன்று மட்டும் போதும், 87 சதவீதம் பேர் தனித்துத் தெரிந்துவிடுவார்கள் என்று கணக்கு வந்தது. 1997-ல் "பெயர் நீக்கிய" மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து, தான் வாழ்ந்த மாநிலத்தின் ஆளுநருடைய பதிவையே ஸ்வீனி எடுத்துக் காட்டினார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது ஒரு வாக்காளர் பட்டியல்.

உங்கள் எக்செல் ஃபைலைத் திறந்து பாருங்கள். பிறந்த தேதி இருக்கும். அதை வயதாக்குங்கள், முடிந்தால் ஐந்தாண்டு இடைவெளியாக்குங்கள். மிக வயதானவர்கள் ஓரிருவர்தான் இருப்பார்கள் என்பதால் அவர்களை "இத்தனை வயதுக்கு மேல்" என்று ஒரே கூடையில் போடுவது வழக்கம். மருத்துவமனைக்கு வந்த தேதிகளுக்குப் பதில் முதல் வருகையிலிருந்து எத்தனையாவது நாள் என்று மாற்றுங்கள். ஊர், தெருப் பத்திகளை எடுத்துவிடுங்கள். "குறிப்பு" என்று ஒரு பத்தி இருக்கும் பாருங்கள், அதுதான் விஷம். "மகள் இதே மருத்துவமனையில் நர்ஸ்" என்று யாராவது தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள். அபூர்வமான இன்னொரு நோய் உள்ள ஒரே ஆள், ஒரு காலை இழந்த ஒரே இளைஞர் என்று தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் வரிசைகளைத் தேடி, அந்தத் தகவலைப் பொதுவாக்குங்கள் அல்லது எடுங்கள்.

அப்புறம் எக்செலின் சொந்தக் குறும்பு. மறைத்து வைத்த பத்தியும் மறைத்து வைத்த தாளும் ஃபைலோடு சேர்ந்தே போகும். பிவட் டேபிள் என்ற சுருக்க அட்டவணை போட்டிருந்தால், மூலத் தாளை நீக்கினாலும் அதன் நகல் உள்ளே தங்கியிருக்கக்கூடும். வட அயர்லாந்து காவல்துறை 2023 ஆகஸ்ட்டில் ஒரு தகவல் கேட்பு மனுவுக்குப் பதிலாக வெளியிட்ட ஃபைலில் இப்படித்தான் மறைந்திருந்த ஒரு தாளோடு ஏறத்தாழ 10,000 ஊழியர்களின் விவரம் வெளியே போனது. ஆகவே அனுப்பும் ஃபைலை மூல ஃபைலிலிருந்து அழித்து அழித்து உருவாக்காதீர்கள். தேவையான பத்திகளை மட்டும் வெறும் எழுத்து வடிவத்தில், சி.எஸ்.வி.யாகப் புதிதாக ஏற்றுமதி செய்யுங்கள். பங்கேற்பாளர் எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் வேறு கணினியில், வேறு ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். ஒரே ஃபோல்டரில் இரண்டையும் வைப்பது, பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது.

மரபணுத் தரவுக்கு இந்தச் சலவை எதுவும் பலிக்காது. டி.என்.ஏ.வே அடையாளம். 2008-ல் ஒரு குழு, நூற்றுக்கணக்கானோரின் மரபணு விவரங்களைக் கூட்டிக் கலந்து வெளியிட்ட சராசரி எண்களிலிருந்துகூட, ஒரு குறிப்பிட்ட ஆள் அந்தக் கும்பலில் இருந்தாரா என்று கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியது. அதைப் பார்த்து அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்த அப்படிப்பட்ட கூட்டுத் தரவை உள்ளே இழுத்துக்கொண்டது. 2013-ல் இன்னொரு குழு பெயரில்லாத ஆண்களின், தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோம் விவரத்தைப் பொது வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டுக் குடும்பப் பெயரை ஊகித்து, அதன் வழியாக ஏறத்தாழ 50 பேரை அடையாளம் கண்டது. ஒருவருடைய டி.என்.ஏ. அவருடைய அண்ணனையும் மகளையும் பற்றியும் பேசும். அவர்கள் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்படியானால் கொடுக்காமலே இருந்துவிடலாம்" என்று தோன்றினால் அதுவும் சரியில்லை. நெறிமுறைக் குழுக்களுக்கு "கூடாது" என்று சொல்வது சுலபம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் ஊசி குத்தவிட்டு ரத்தம் கொடுத்தவர், அது ஃப்ரீசரில் கிடந்து பாழாகட்டும் என்று கொடுக்கவில்லை. 2020 ஜனவரியில் புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசையைப் பொதுவில் வைத்தார்கள். மார்ச் 16-ல் முதல் தடுப்பூசிப் பரிசோதனையின் முதல் ஊசி போடப்பட்டது. அதே ஆண்டு மே மாதம், 96,000 நோயாளிகளின் பதிவுகளை அலசியதாகச் சொன்ன ஒரு கட்டுரை, கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்த மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆபத்து என்று லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தரவைத் தணிக்கைக்குக் காட்டச் சொன்னபோது அதை வைத்திருந்த நிறுவனம் கொடுக்கவில்லை. ஜூன் 4-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. காட்ட முடியாத தரவை நம்பி மருத்துவம் பார்க்க முடியாது.

ஆய்விதழுக்கு வருவோம். பகிரச் சொல்கிறார்கள் என்றால் யாரும் தரவிறக்கும்படி வைத்துவிட வேண்டும் என்று பொருள் இல்லை. கட்டுப்படுத்திய அணுகல் என்று ஒரு வழி இருக்கிறது. தரவு இருப்பது எல்லோருக்கும் தெரியும். எடுக்க விண்ணப்பிக்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும், ஒரு குழு பார்த்து அனுமதிக்கும். ஐரோப்பிய ஜீனோம்-ஃபீனோம் காப்பகம் அப்படிப்பட்டது, அமெரிக்காவின் டிபி-கேப் அப்படிப்பட்டது. அவற்றில் சேர்க்கும்போதே "சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு மட்டும்", "லாப நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும்" என்று குறியீடு போட்டு வைக்கலாம். உங்கள் பழைய படிவக்காரர்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். மரபணு சாராத, சலவை செய்த சிறிய அட்டவணையை, கட்டுரையின் கணக்குகளைச் சரிபார்க்கத் தேவையான அளவுக்கு மட்டும், பொதுவில் வைக்க உங்கள் குழு அனுமதிக்கக்கூடும். கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கட்டுரையில் எழுதாதீர்கள்: "கேட்டால் தரவு தரப்படும்." தரவு தரத் தயார் என்று எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் ஒரு குழு உண்மையாகவே தரவு கேட்டுப் பார்த்து 2022-ல் முடிவை வெளியிட்டது. கொடுத்தவர்கள் 122 பேர். மற்றவர்கள் மறுத்தார்கள், அல்லது பதிலே போடவில்லை. நீங்களும் பட்டம் வாங்கி வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள், அந்த மெயில் முகவரி செத்துவிடும். தரவை உங்கள் இன்பாக்ஸோடு கட்டி வைக்காதீர்கள்.

எங்கே வைத்தாலும் கூடவே ஒரு விளக்கத் தாள் வையுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.2 என்று இருந்தால் எந்த அலகில்? ஒரு டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது வேறு அலகில் 88.4 ஆகிவிடும். வயது 999 என்று சில வரிசைகளில் போட்டிருப்பீர்கள், அது "தெரியவில்லை" என்று உங்களுக்குத் தெரியும், மூன்றாம் நாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தெரியாது. ரத்தம் எடுத்ததிலிருந்து சீரம் பிரிக்கும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எழுதுங்கள். பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் குளுக்கோஸ் மணிக்கு மணி குறையும். எக்செலை நம்பி மரபணுப் பெயர்களை ஒட்டாதீர்கள். மார்ச்1, செப்ட்2 என்றெல்லாம் பெயருள்ள மரபணுக்களை அது தேதியாக மாற்றி மாற்றி, கடைசியில் 2020-ல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். மென்பொருளிடம் உயிரியல் தோற்ற இடம் அது.

மாதிரிகள் வேறு ஜாதி. தரவை நூறு பேருக்குக் கொடுத்தாலும் உங்களிடம் குறையாது, ஆனால் திரும்ப வாங்க முடியாது. குப்பியைத் திரும்ப வாங்கலாம், ஆனால் தீர்ந்துபோகும். அதனால் "டி.என்.ஏ. வேண்டும்" என்பவரிடம் எத்தனை நானோகிராம், எந்தச் சோதனைக்கு என்று கேளுங்கள். பல நேரம் அவர்களுக்குத் தேவை உங்களிடம் ஏற்கெனவே உள்ள தரவாகவே இருக்கும். அல்லது சோதனையை உங்கள் இடத்திலேயே செய்துவிட்டு முடிவை மட்டும் கொடுத்தால் போதும் என்று ஆகும். நான் முதலில் முன்வைப்பது எப்போதும் இதைத்தான். அனுப்பியே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொருவருக்கும் ஒரு குப்பியாவது உங்களிடம் தங்க வேண்டும். சீரத்தை ஒவ்வொரு முறை உருக்கி மறுபடி உறைய வைக்கும்போதும் உள்ளே உள்ள சில பொருள்கள் சிதையும்; எத்தனை முறை உருகியது என்பதைக் குப்பியோடு எழுதி அனுப்புங்கள்.

மாதிரிகளைக் கைமாற்றும் ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் ஒரு துளியும் போகக் கூடாது. எந்த ஆய்வுக்கு, யார் கையில், மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கக் கூடாது, யாரையும் அடையாளம் காண முயலக் கூடாது, மிச்சத்தைத் திருப்பி அனுப்புவதா அழிப்பதா, பின்னால் யாராவது விலகினால் என்ன செய்வார்கள், கிடைக்கும் முடிவுகளை எப்போது உங்களுக்குத் தருவார்கள், கட்டுரையில் யார் பெயர், காசு வந்தால் யாருக்கு. கடைசி இரண்டைக் கேட்பது அநாகரிகம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். இந்தோனேசியா 2007-ல் பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்புவதை நிறுத்தியது. எங்கள் மாதிரியிலிருந்து செய்யும் தடுப்பூசி எங்களுக்கே கட்டுப்படியாகாத விலையில் வருகிறது என்பது அதன் புகார். ஊரெல்லாம் திட்டியது. ஆனால் அந்தப் பிடிவாதத்தால்தான் 2011-ல், மாதிரி கொடுப்பவர்களுக்கும் தடுப்பூசியில் பங்கு என்ற உலகளாவிய ஏற்பாடு வந்தது. நீங்கள் கேட்கப்போவது அதைவிட ரொம்பச் சின்னது.

பல நாடுகளில் மனித மாதிரிகளை எல்லை தாண்டி அனுப்ப அரசு அனுமதியும் வேண்டும். உங்கள் நிறுவன அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உலர்பனியில் (உறைந்த கார்பன் டைஆக்சைடு) அனுப்பினால் பெட்டி காற்றுப் புகாமல் மூடியிருக்கக் கூடாது, பனி வாயுவாகிப் பெட்டி வெடிக்கும். கூரியர்காரர்களே மீதியைச் சொல்வார்கள்.

கைடிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உண்மையான பயம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். "அனுப்பக் கூடாது சார்" என்று போகாதீர்கள். பதிப்புவாரியாகப் பிரித்த அந்தப் பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய், "இத்தனை பேருடையதை இப்போதே விண்ணப்பிக்கலாம், இத்தனை பேரிடம் திரும்பக் கேட்க வேண்டும், குழுவுக்கான கடிதம் வரைந்து வைத்திருக்கிறேன், உங்கள் கையெழுத்து வேண்டும்" என்று வையுங்கள். வேலை முடிந்த நிலையில் வரும் காகிதத்துக்கு மறுப்புச் சொல்பவர்கள் குறைவு. அப்படியும் மறுத்தால், குழுவின் செயலருக்கு நீங்களே எழுதலாம். ஆய்வில் ஒப்புதல் வாங்கியவர் என்ற முறையில் அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

வெளிநாட்டுக் குழுவுக்கு இன்றைக்குப் போட வேண்டிய மெயில் இவ்வளவுதான்: "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. பங்கேற்பாளர்களின் ஒப்புதல் நிலையைச் சரிபார்த்து வருகிறோம். உங்கள் ஆய்வுத் திட்டம், அதற்கு உங்கள் நெறிமுறைக் குழு கொடுத்த அனுமதி, தேவைப்படும் டி.என்.ஏ. அளவு, தேவைப்படும் தரவுப் பத்திகளின் பட்டியல் ஆகியவற்றை அனுப்புங்கள். எங்கள் குழுவின் முன் வைக்கிறோம்." ஆய்விதழின் ஆசிரியருக்கும் இன்றே ஒரு வரி எழுதுங்கள்: கட்டுப்படுத்திய அணுகல் காப்பகத்தில் வைக்கப்போகிறோம், பதிவு எண் வரச் சில வாரங்கள் ஆகும், அதுவரை அவகாசம் வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள்.